மேலே ஓடவேண்டிய ஊர்

தம்பி, நீ போனைப் பட்டென்று வைத்த பிறகு உன் அம்மா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. உனக்கு என்மேல் கோபம், அவளுக்கு என்மேல் கோபம், எனக்கு உங்கள் இருவர் மேலும் கோபம். கடலுக்கு இந்தப் பக்கம், பிளாக்ஹவுஸ் பேயில், இந்த வீட்டுக்குள் இப்போது சத்தம் போடுவது மழையும் தேத்தண்ணிக் கேத்தலும்தான். திரும்பவும் போன் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் நான் கத்துவேன், நீ "வட்எவர், அப்பா" என்பாய், நடுவில் மாயா வந்து அப்பப்பா ஏன் கத்துறார் என்று கேட்பாள். ஆனபடியால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காவது உதவட்டும். எழுத்துக்கூட்டியாவது வாசி. உனக்குக் கோபம் வருகிற இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களில் நிறுத்தாதே.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கத்தி அதைக் குழப்பிவிட்டோம். போன கிழமை உங்கள் ஊரில் மாதா மாதம் நடக்கிற சைரன் சோதனை நடந்தது. மலைக்குப் பின்னால் இருக்கிற சுரங்கக் கம்பனியின் சேற்று அணை உடைந்தால் ஊரை எழுப்புவதற்கான சைரன். அது ஊதினால் சனம் முழுக்க மேட்டில் இருக்கிற மாதா கோயிலுக்கு ஏறவேண்டும். லூசியா மகள் மாயாவின் கையைப் பிடித்து, வா ஏறுவோம் என்று கூப்பிட்டிருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை கையை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே குந்திக்கொண்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயை ஆவென்று திறந்துகொண்டு இருந்தது. அழவில்லை, கத்தவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. சைரன் ஓய்ந்த பிறகும் வெகுநேரம் அந்த வாய் மூடவில்லை. நீங்கள் பயந்துபோய் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். பிள்ளை அதிர்ச்சியில் உறைந்துபோனாள் என்று அவர் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் நீ எனக்குப் போன் எடுத்தாய். "அப்பா, ஷீ ஃப்ரோஸ். இது உங்களாலதான். அண்டைக்கு நீங்கள் செய்த வேலை" என்றாய். "என்னாலயோ? மலையளவு சேத்தைத் தலைக்கு மேல வைச்சுக்கொண்டு என்னையோ சொல்லுறாய்? பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளையோட இஞ்ச வா" என்றேன். மிச்சத்தை எழுதத் தேவையில்லை. இப்போது செப்டம்பர் முடிகிறது. ஒக்டோபரில் அங்கே மழை தொடங்கும். மழையில்தான் அணைகளை நம்ப முடியாது. அந்தப் பிள்ளை சைரனைக் கேட்டு ஏறமாட்டாள் என்றால், மழைக்கு முதல் அவள் ஏறப் பழகவேண்டும், அல்லது மழைக்கு முதல் நீங்கள் அங்கிருந்து வெளிக்கிடவேண்டும். எனக்கு வேறு கதை இல்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

நீ அந்த ஊருக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். லூசியாவைப் பிடிக்காமல் இல்லை. நியூ லின் மோலில் கோப்பிக் கடையில் நின்ற அந்தப் பிள்ளை, முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய் அம்மாவோடு நின்று வெங்காயம் உரித்தவள். அம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிறகு லூசியாவின் தாய் இறந்து, தகப்பன் தனித்துப்போனார் என்று நீங்கள் வெளிக்கிட்டபோதும் நான் மறிக்கவில்லை. தனித்துப்போன தகப்பனிடம் போகிற பிள்ளையை எந்த வாயால் மறிப்பது? பெத்ரா மான்சா என்று நீ பெயர் சொன்னதும் கணினியில் தேடிப் பார்த்தேன். வளைந்து ஓடுகிற ஒரு ஆறு, ஒரு மலை, மலைக்குப் பின்னால் செங்கல் நிறத்தில் பெரிய குளம் ஒன்று. "நல்ல குளமாக் கிடக்கு, வயல் செய்யலாம்போல" என்று அம்மாவிடம் சொன்னேன். அது இரும்புத் தாது கழுவின சேறு என்று நீ சொல்லும் வரைக்கும் எனக்கு அந்த ஊர்மேல் ஒரு விருப்பம்கூட இருந்தது. பெத்ரா மான்சா என்றால் சாதுவான கல் என்று அர்த்தமாம். பெயர் வைத்தவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும்.

ஓகஸ்டில் நான் வந்து இறங்கியபோது வறண்ட காலம். தெருவெல்லாம் செம்புழுதி. இலை ஒன்றுமில்லாமல் முழுக்க மஞ்சள் பூவாக நின்ற இப்பே மரங்களைப் பார்த்து நான் கொன்றை என்று சொல்ல, லூசியா சிரித்தாள். சம்பந்தியின் வளவில் ஒரு மரம், அடிமரத்திலேயே நாவல்பழத்தை ஒட்டிவைத்தது போலக் காய்க்கத் தொடங்கியிருந்தது. விடியற்காலையில் நீளக்கால் பறவை ஒன்று மேட்டில் நின்று குரைத்தது. நான் நாய் என்று நினைத்துத் தடி தேடினேன். மலையுச்சியில் மண்ணே இல்லாமல் இரும்புக் கல்லுக்குள் வேர்விட்டு நிற்கிற செடிகளை நீ கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாய். நல்ல ஊர் என்று எனக்கே பட்டது. ஆனால் தெருவுக்குத் தெரு ஒரு பச்சைப் பலகை நின்றது. பேக்கரி வாசலிலும், பள்ளிக்கூட மதிலிலும், மயானத்து வேலியிலும்கூட. அதிலே ஓடுகிற ஒரு மனிதன், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. எல்லா அம்பும் மேட்டுப் பக்கம் காட்டின. பயப்பட ஒன்றுமில்லை என்றும் கம்பனி ஆட்கள் சொல்கிறார்கள், ஓடிப் பழகுங்கள் என்றும் சொல்கிறார்கள்.

சம்பந்தி செபஸ்தியாவோடு எனக்குப் பொதுவான மொழி இல்லை. ஆனாலும் முதல் நாள் அவர் கதிரையைத் தட்டிக் காட்டி "கதேய்ரா" என்றபோது நான் துள்ளிவிட்டேன். எங்கள் கதிரை! பிறகு இரண்டு பேரும் மேசை, ஜன்னல், சாவி, துவாய், குசினி என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தோம். போர்த்துக்கேயர் எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போன சொற்கள் எல்லாம் அவர் வீட்டிலும் கிடந்தன. ஊர்க் கதையை அவர் சொல்ல, நீ தமிழிலும் இங்கிலீசிலுமாக மாற்றிச் சொல்ல, அந்த விறாந்தையில் இருந்து கேட்டேன். ஆற்றோரமாகப் பொன் தேடி வந்தவர்கள் உண்டாக்கின ஊராம். வந்தவர்கள் மண்ணைத் தொடவில்லை. தோண்டியதும் கழுவியதும் ஆபிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட சனம். எசமான்களின் கோயிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. வேலை முடிந்த பிறகு ஆளுக்கொரு கல்லாகச் சுமந்து, மேட்டில் தங்களுக்கென்று ஒரு மாதா கோயில் கட்டினார்கள். பொன் முடிந்தது, எசமான்கள் போய்விட்டார்கள், கல் சுமந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு ராசாவையும் ராணியையும் முடிசூட்டி, விதை போட்ட தகர டப்பாக்களைக் கணுக்காலில் கட்டி, மேளத்தோடு அந்த மேட்டுக்கு ஏறுகிறார்கள். மேளக் கூட்டத்துக்குச் செபஸ்தியாவ்தான் கப்பித்தான். அந்தச் சொல்லும் எங்களுடையதுதான். சைரன் ஊதினால் சனம் கூடவேண்டிய இடமும் அதே கோயில்தான்.

பொன் கழுவுகிறதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்கால் ஒன்று சம்பந்தியின் வளவுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது அல்லவா? இப்போது தண்ணீர் இல்லை. ஒரு துண்டுக்கு மேலே பலகைக் கல் பாவி மூடியிருக்கிறது, சுற்றிவர வாழை. நீ எனக்கு அதைச் சரித்திரம் என்று காட்டினாய். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். குளிர்ச்சி, கனமான கல் கூரை, இரண்டு பக்கமும் வாசல். நல்ல பங்கர் என்று மனம் சொன்னது. நான் வேண்டுமென்று நினைக்கவில்லை. எங்கே போனாலும் என் மனம் முதலில் அப்படி ஒரு இடத்தைப் பார்த்து வைத்துவிடும். மனுரேவாவில் குளிர்களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டிய காலத்திலும் எந்தத் தட்டுக்குக் கீழே படுக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் அதற்கு ஒரு நாளும் தேவை வரவில்லை. ஆனாலும் பார்த்து வைத்திருந்தேன்.

நான் அங்கே நின்றபோது நடந்த ஒத்திகை நாளைப் பற்றி நீ எனக்குச் சொல்லாமல் விடவில்லை. அதில் உன்மேல் பிழை இல்லை. "அப்பா, காலமை சைரன் அடிக்கும், இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரில். மாயாவைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்கு ஏறுங்கோ, நாங்கள் மேல நிப்பம்" என்றாய். நீயும் லூசியாவும் பெயர் பதிகிற வேலைக்கு மேலே போனீர்கள். செபஸ்தியாவ் நடக்க இயலாதவர்களைக் கூட்டிவரப் போனார். நானும் மாயாவும் விறாந்தையில் இருந்தோம். அவளுக்கு வாழைப்பழம் பிசைந்து தீத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி சாப்பாட்டுத் தமிழ் அல்லவா? வாயைத் திற, பிள்ளை, என்றால் உடனே திறப்பாள். அப்போது சைரன் தொடங்கியது. நான் யோசித்தேன் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். கிண்ணம் எங்கே விழுந்தது தெரியாது. பிள்ளையைத் தூக்கியது தெரியும், கால் தானாகக் கீழே இறங்கியது தெரியும். எங்களுக்கு அந்தச் சத்தம் என்றால் சாவு வானத்திலிருந்து வரும். பொம்பர் சுற்றும்போது மேட்டில் நிற்கிறவன் செத்தான், பள்ளத்துக்குள் படுத்தவன் பிழைத்தான். என் உடம்பு படித்த பாடம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கண்டு "சோபி! சோபி!" என்று கத்தினாள். எனக்கும் சம்பந்திக்கும் பொதுவாக இருந்த சொற்கள் எல்லாம் வீட்டுச் சாமான்கள். அவள் சொன்ன மேலே ஏறு என்பதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை. நான் அவளையும் கீழே வா, கீழே வா என்று கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

வாய்க்காலுக்குள் பிள்ளையைக் கிடத்தி மேலே கவிழ்ந்துகொண்டேன். "காதைப் பொத்து. பல்லைக் கடிக்காதை. வாயைத் திற, பிள்ளை, ஆவெண்டு திற" என்றேன். இதைத்தான் நீ டொக்டரிடம் சொல்லவேண்டும், தம்பி. குண்டு கிட்ட விழும்போது வாய் மூடியிருந்தால் காதுச் சவ்வு கிழிந்துவிடும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பங்கருக்குள் இருந்த சனம் முழுக்க வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும். மாயா வாழைப்பழம் வரும் என்று பார்த்து வாயைத் திறந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பழம் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மூடவில்லை. சைரன் ஓயும்வரைக்கும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். ஆகவே போன கிழமை அவள் உறைந்துபோகவில்லை. மேசைக்குக் கீழே அப்பப்பா சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். அந்த வாய் திறந்திருந்ததை நீ சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியபடியால்தான் அவ்வளவு கத்தினேன்.

மேலே பெயர் கூப்பிட்டபோது இரண்டு பேர் குறைந்தார்கள். யாரும் கீழே இறங்கக்கூடாது என்பதுதான் அங்கே முதல் சட்டம். நீ இறங்கினாய். வாய்க்கால் வாசலில் உன் சப்பாத்துத் தெரிந்தது, பிறகு உன் முகம். "அப்பா! வட் ஆர் யூ டூயிங்? எல்லாரும் மேல, நீங்கள் ஏன் இஞ்ச?" என்று நீ கத்தினாய். நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். "ஏன்டா கீழ வந்தனீ? ஆர் உன்னைக் கீழ வரச் சொன்னது?" நீ மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய், "வேற என்ன செய்யச் சொல்லுறீங்கள்?" பிள்ளையை வாங்கிக்கொண்டு நீ முன்னால் ஏற, நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தேன். கோயில் முற்றத்தில் ஊர்ச் சனம் எல்லாம் நின்றது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் நீங்கள் வேலையில் இருந்தபோது செபஸ்தியாவ் வந்து என் கையைப் பிடித்தார். சின்ன மேளம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை அந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வளைவிலும் நின்று மேளத்தில் மெல்லத் தட்டி, மேட்டைக் காட்டி "சோபி" என்பார். நான் "சோபி" என்று திருப்பிச் சொன்னால் அடுத்த வளைவுக்கு நடப்பார். என் இடது முழங்கால் இரண்டு வளைவுக்குப் பிறகு தகராறு பண்ணத் தொடங்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை. கோயிற் படியில் இருந்து ஊரைப் பார்த்தோம். ஆறு, பேக்கரிப் புகை, உன் வீட்டுக் கூரை. கம்பனியில் லொறி ஓட்டி வாழ்ந்த மனிதர் அவர். மலைப் பக்கத்தைக் காட்டிக் கையை விரித்தார், பிறகு மனைவியைப் புதைத்த இடத்தைக் காட்டி நெஞ்சில் கை வைத்தார். இரண்டையும் சேர்த்து எனக்கு விளங்கியது. விளங்கியது என்பதற்காக நான் சம்மதித்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் ஊரை விட்டு வரமாட்டார், லூசியா அவரை விட்டு வரமாட்டாள், நீ லூசியாவை விட்டு வரமாட்டாய் என்று ஆளுக்காள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு குழந்தை நிற்கிறது. பெரியவர்களின் வைராக்கியத்துக்கு யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. இதை நான் உன் முகத்துக்கு நேரே சொல்லுவேன், எழுத்திலும் சொல்லுகிறேன்.

இனி அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும் நான் அவளிடம் நியாயம் கேட்டேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்துவிட்டுச் சொன்னாள், "உங்களுக்கு விசரே? பிள்ளைக்கு நீங்கள் பழக்கினதை நீங்கள்தான் மறக்கப் பண்ணோணும். அவனோட கத்தி என்ன பிரயோசனம்?" நான் ஒரு தரம்தானே நடந்தது என்றேன். "ஒரு தரம் காணும். கலியாணம் முடிச்ச புதுசில பங்கருக்குள்ள எனக்கும் ஒரு தரம்தான் சொன்னனீங்கள். எனக்கு இப்பவும் வாய் திறக்குது." அது உண்மை. உனக்கு நினைவிருக்கும். நவம்பரில் கை போக்ஸ் கொண்டாட்டத்துக்கு வெடி கொளுத்துகிற நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு இருப்போம். நீ எங்கள் முன்னால் நின்று அதேபோல வாயைத் திறந்து காட்டி விழுந்து விழுந்து சிரிப்பாய். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஏன் என்று நீ கேட்டதற்கு, மீன் மாதிரி விளையாடுகிறோம் என்று நான் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு எதற்கு அந்தக் கதை என்று நினைத்தோம். இப்போது நீ ஒரு பிள்ளைக்குத் தகப்பன், உனக்கு அது தெரியத்தான் வேண்டும். வாயால் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் பாதிதான் எடுப்பார்கள். எங்கள் பயத்தை முழுதாக எடுத்துவிடுவார்கள்.

ஆகவே மாயாவை ஏசாதே. மேசைக்குக் கீழிருந்து இழுக்காதே. இது சும்மா சோதனை என்று சொல்லாதே, எனக்கும் நீ அப்படித்தான் சொன்னாய், என் கால் கேட்கவில்லை. லூசியா நான் சொன்னபடி வாய்க்கால் வாசலைப் பலகை அடித்து மூடியது நல்லது, ஆனால் பலகை அடித்து மேசைகளை எல்லாம் மூட முடியாது. போன ஒக்டோபர் திருவிழாவில் மாயா காலில் தகர டப்பா கட்டிக்கொண்டு செபஸ்தியாவின் மேளத்துக்குப் பின்னால் அந்த மேடு முழுக்கத் தானே நடந்து ஏறிய வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. தூக்க வந்த உன்னை அவள் தள்ளிவிட்டாள். அந்தக் கால் ஏறும், தம்பி. சைரனுக்கு ஏறாது, மேளத்துக்கு ஏறும். அடுத்த சோதனையில் சைரன் தொடங்குகிற அதே நேரம் கப்பித்தானை முதல் வளைவில் நின்று அடிக்கச் சொல். இந்த யோசனையை நான் லூசியாவிடம் சொன்னேன், அவள் தகப்பனிடம் சொன்னாள், அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். அப்பப்பா ஏறுவாரா என்று கேட்டாராம். பிள்ளை மேளத்தைக் கேட்டு எழும்பினாலும் அப்பப்பா எங்கே போகிறார் என்று முதலில் பார்ப்பாளாம்.

அதனால் நான் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, சான்டியாகோ வழியாக, வருகிற கிழமை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்து வேலையில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்னை முந்திக்கொண்டு வந்திருப்பாள். நான் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். கடற்கரையிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறுகிற றோட்டில் காலையும் பின்னேரமும் ஏறுகிறேன். மூலைக்கடை டெய்ரிக்காரர் என்னைக் கண்டு, அங்கிள், மரதன் ஓடப்போறீங்களோ என்று பகிடி பண்ணுகிறார். நேற்று ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் அம்புலன்ஸ் ஒன்று கூவிக்கொண்டு வந்தது. என் உடம்பு பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயை மூடிக்கொண்டு, ஒரு அடி மேலே வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அது போதும் என்று வீட்டுக்கு வந்தேன். அங்கே வந்து காலில் டப்பா கட்டச் சொன்னாலும் கட்டுவேன், இந்த மொட்டைத் தலையோடு ஊர்ச் சனம் பார்க்க ஆடச் சொன்னாலும் ஆடுவேன். மழை தொடங்குவதற்கு முதல் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். அந்தச் சத்தம் என்றால் அப்பப்பா மேலே போவார் என்று அவளுடைய கால் படிக்கவேண்டும்.

உங்களை அங்கே இருக்க விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இந்தக் கருத்தில் நான் அசையவில்லை. வந்து நின்று ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லுவேன், நீ கோபிப்பாய், நான் திரும்பவும் சொல்லுவேன். இரண்டு பேரும் கத்துவோம், ஆனால் பிள்ளை தூங்கின பிறகு கத்துவோம். நீங்கள் வெளிக்கிடுகிற நாள்வரைக்கும் நான் அங்கே ஒரு வேலைக்கு வருகிற ஆள் என்று வைத்துக்கொள்.

வருவதற்கு முதல் ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். வாய்க்கால் வாசலில் நான் உன்னைப் பார்த்துக் கத்தினதை நீ கோபம் என்று நினைத்திருக்கிறாய். சேறு வரவேண்டிய பக்கமாக, எனக்காக, என் பிள்ளை கீழே ஓடி வந்ததைக் கண்டேன். அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பங்கர் வாசலிலும் கண்டதில்லை. வேறு என்ன செய்யச் சொல்லுறீங்கள் என்று கேட்டாயே, அதற்கு இப்போது மறுமொழி சொல்லுகிறேன். உண்மையான சைரன் ஊதினால் நான் மாயாவோடு முன்னால் ஏறுவேன். என் முழங்கால் எங்கேயோ ஒரு வளைவில் நின்றுவிடும், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த இடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போ. நிற்காதே, திரும்பாதே, லூசியாவையும் திரும்ப விடாதே. மாயா கேட்பாள். அப்பப்பா பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல். பொய்யாக இருந்தாலும் அப்படியே சொல்லிக்கொண்டு ஏறு.

அப்பா